அணுக்கழிவுக்கு நான்கு வழிகள்: சிங்கப்பூர் எதை நம்பலாம்?

சிங்கப்பூர் அணுமின்சாரத்துக்குப் போகுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. 2012ல் வந்த முதற்கட்ட ஆய்வு, அன்றைக்கு இருந்த உலைகள் நம் தீவுக்குப் பொருந்தாது என்று சொன்னது. 2022ல் எரிசக்தி 2050 குழு, 2050 வாக்கில் நம் மின்சாரத்தில் சுமார் 10 விழுக்காடு அணுசக்தியிலிருந்து வரக்கூடும் என்றது. 2024 ஜூலையில் அமெரிக்காவுடன் அமைதிவழி அணு ஒத்துழைப்புக்கான '123 உடன்பாடு' கையெழுத்தானது. 2025 ஜூலையில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் அணு ஆய்வு, பாதுகாப்புக் கழகம் 6.6 கோடி வெள்ளி நிதியோடு தொடங்கியது. முடிவு இல்லை என்றாலும் பேச்சு நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இந்தப் பேச்சில் உலையின் பாதுகாப்புதான் எப்போதும் முன்னால் நிற்கிறது. கழிவு கடைசியில் வரும், அதுவும் "அதற்கெல்லாம் தொழில்நுட்பம் இருக்கிறது" என்ற ஒற்றை வரியோடு. நான் சுரங்கப்பாதை வேலைகளில் பாறையையும் நிலத்தடி நீரையும் கணக்கிடும் பொறியாளன். கழிவைப் பற்றிய கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. எந்த வழியை நம்பப் போகிறோம் என்பதைப் பொறுத்து இப்போதே தொடங்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவை ஓரிரு வருடத்தில் முடிகிறவை அல்ல.

முதலில் அளவு. இன்றைய மின்பயன்பாட்டில் பத்தில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 700 மெகாவாட். அந்த அளவு உலைகளிலிருந்து ஆண்டுக்கு 15 முதல் 20 டன் வரை பயன்படுத்திய எரிபொருள் வெளியே வரும். 60 ஆண்டில் சுமார் 1,000 டன். சிறிய உலைகள் என்றால் கொஞ்சம் கூடலாம். இடத்தை அடைக்கிற அளவு இல்லை இது. காலம்தான் பெரியது. புளூட்டோனியம்-239ன் அரையாயுள், அதாவது அதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 24,000 ஆண்டுகள். அயோடின்-129க்கு ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

இதற்கு நம் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. நம் தீவின் கிரானைட் பாறையிலேயே 400, 500 மீட்டர் ஆழத்தில் கிடங்கு வெட்டுவது. 3 முதல் 5 கிலோமீட்டர் வரை ஒடுக்கமான ஆழ்துளை போட்டு அதற்குள் இறக்குவது. நிலத்துக்கு மேலேயே இரும்பு, கான்கிரீட் கலங்களில் நெடுங்காலம் வைத்திருப்பது. வெளிநாட்டுக்கு அனுப்புவது, அதாவது எரிபொருள் விற்ற நாடே திரும்ப எடுத்துக்கொள்வது, அல்லது பல நாடுகள் சேர்ந்து அமைக்கும் கிடங்கில் நாமும் பங்கு வாங்குவது. செலவு, அரசியல், நிலம் என்று பல வகையில் இவற்றை ஒப்பிடலாம். நான் ஒன்றை வைத்து ஒப்பிடுகிறேன்: இந்த வழி பாதுகாப்பானது என்று சொல்லும் கணக்கு தப்பாக இருந்தால், அது யாருக்கு, எப்போது தெரியவரும்? தெரியவரும்போது திருத்த முடியுமா?

நிலத்தடிக் கிடங்கில் ஒரே ஒரு சுவரை நம்பி யாரும் கழிவை வைப்பதில்லை. பின்லாந்தும் சுவீடனும் எடுத்திருக்கும் வடிவத்தில், எரிபொருள் வார்ப்பிரும்புச் சட்டத்துக்குள் இருக்கும். அதைச் சுற்றி 5 சென்டிமீட்டர் தடிமனில் செம்புக் கலம். செம்பைச் சுற்றி பெண்டோனைட் என்ற களிமண். நீர் பட்டால் ஊதி, இடைவெளிகளை அடைத்து, நீரோட்டத்தை நிறுத்திவிடும். அதற்கு வெளியே பாறை. ஒன்று கைவிட்டாலும் அடுத்தது தாங்கும் என்பது எண்ணம். ஆனால் கலத்திலிருந்து கசிவு எப்போது தொடங்கும், களிமண்ணைத் தாண்ட எவ்வளவு காலம், பாறை வழியாக ஒரு கிணற்றுக்கு வந்துசேர எவ்வளவு காலம் என்பதை யாரும் காத்திருந்து பார்க்க முடியாது. 10 லட்சம் ஆண்டுகளைக் கணினி மாதிரியில்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். வெப்பம், நீர், அழுத்தம், வேதிவினை நான்கும் ஒன்றையொன்று பாதிக்கும். சுவிட்சர்லாந்தின் கிரிம்சல் ஆய்வுச் சுரங்கத்தில் பெண்டோனைட்டுக்குள் ஹீட்டரை வைத்து 1997 முதல் 2015 வரை 18 ஆண்டுகள் சூடாக்கினார்கள். கடைசியில் பிரித்துப் பார்த்தபோது ஹீட்டரை ஒட்டிய பகுதி வெளிப்பகுதியைவிட இன்னும் காய்ந்தே இருந்தது. 18 ஆண்டு என்பது மனிதர் ஒருவரின் பணிக்காலத்தில் பாதி. கிடங்கின் கணக்கில் அது ஒரு நாள் மாதிரி.

இந்த மாதிரிகளில் நிச்சயமின்மை மூன்று விதமாக வரும். ஒன்று, எண்களில். பாறையின் நீர்கடத்தும் திறன், கதிரியக்கத் துகள் களிமண்ணில் ஒட்டும் அளவு இவையெல்லாம் ஒரே எண்ணாக இருக்காது. பத்து மடங்கு, நூறு மடங்கு வித்தியாசப்படும். அதற்கு வழி உண்டு: எண்ணை ஒரு வீச்சாக வைத்து, கணினியை ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, விடைகளின் பரவலைப் பார்க்கலாம். இரண்டாவது, எதிர்காலத்தில். பனியுகம் வருமா, கடல்மட்டம் என்னாகும், யாராவது தெரியாமல் துளை போடுவார்களா என்பது. இதற்குப் பல கதைகளை எழுதி ஒவ்வொன்றையும் கணக்கிடுகிறார்கள். மூன்றாவதுதான் ஆபத்தானது: நாம் மனதில் வைத்திருக்கும் படமே தப்பாக இருப்பது. நீர் பாறையின் நுண்துளைகள் வழியாக மெல்ல நகர்கிறது என்று நினைத்து மாதிரி கட்டுகிறோம்; உண்மையில் அது வெடிப்புகள் வழியாக ஓடுகிறது. அப்போது எண்களை எவ்வளவு விரித்து வைத்து ஓட்டினாலும் பலன் இல்லை. பரவல் முழுவதுமே தப்பான இடத்தில் விழும்.

இது எனக்குத் தொழிலில் தினமும் பழக்கமான விஷயம். புக்கிட் தீமா கிரானைட்டில் ஒரு துளையில் 15 மீட்டரில் பாறை தட்டும். சற்றுத் தள்ளி அடுத்த துளையில் 40 மீட்டர் போனாலும் மண்ணாகவே வரும். இரண்டையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்துத்தான் வரைபடம் போடுகிறோம். துளை போடும் குழுவில் பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் பல வருடமாக இருக்கிறார். துளையிலிருந்து எடுத்த கல் உருளைகளை அடுக்கிய கோர் பெட்டியை நீரூற்றிக் கழுவி, கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொல்வார்: "தம்பி, இது இந்தத் துளைக்கு மட்டும்தான். நடுவுல என்ன இருக்குன்னு தோண்டினாத்தான் தெரியும்." நாங்கள் தோண்டுகிறோம், அதனால் எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கிடங்கைக் கணக்கிடுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. பாறையை அதிகமாகத் துளைத்தால் அதுவே நீருக்கு வழி ஆகிவிடும்.

அமெரிக்க நிலத்தடி நீர் நிபுணர் ஜான் பிரெடஹோஃப்ட் 2005ல், நிலத்தடி மாதிரிகளில் ஏறக்குறைய 20 முதல் 30 விழுக்காட்டில், பிறகு வந்த தகவல் அடிப்படைப் படத்தையே மாற்றவேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தது என்று மதிப்பிட்டார். இதற்கு நன்கு தெரிந்த உதாரணம் நெவாடாவின் யக்கா மலை. அங்கே எரிமலைச் சாம்பல் பாறையில், நிலத்தடி நீர்மட்டத்துக்கும் மேலே, சுமார் 300 மீட்டர் ஆழத்தில் கிடங்கு அமைக்கத் திட்டமிட்டார்கள். பாலைவனம், மழை குறைவு, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீரே பாறைக்குள் இறங்கும், அதுவும் மிக மெதுவாக என்பது ஆரம்பகாலப் படம். 1990களின் நடுவில் ஆய்வுச் சுரங்கத்தில் எடுத்த சில பாறைத் துண்டுகளில் குளோரின்-36 என்ற கதிரியக்கக் குளோரின் வழக்கத்துக்கு மாறாக அதிகமாக இருந்தது. 1950களில் பசிபிக்கில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் பரப்பிய குளோரின் அது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அப்படியென்றால் 50 ஆண்டுக்குள் மழைநீர் வெடிப்புகள் வழியாகக் கிடங்கின் ஆழத்துக்கு வந்துவிட்டது. பின்னர் வேறொரு குழு அதே சோதனையைச் செய்தபோது அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. அந்தச் சர்ச்சை முழுதாகத் தீரவும் இல்லை. ஆனால் இறங்கும் நீரின் மதிப்பீடு பல மடங்கு உயர்ந்தது. வடிவத்தில் கலங்களுக்கு மேலே டைட்டானியக் கூரை சேர்ந்தது. பாறையின் மேல் வைத்திருந்த நம்பிக்கையை உலோகத்தின் மேல் மாற்றிவைத்தார்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. இதை முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு கலம் உடைந்தால் 1,000 ஆண்டுகளுக்கு ஒரு கிணற்றில் ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு வரும் என்று வைத்துக்கொள்வோம். அனுமதி வரம்பு 0.1. கலம் அடுத்த 10,000 ஆண்டுகளுக்குள் எப்போதோ உடையும் என்று நமக்குத் தெரியும் என்றால், எந்த ஓர் ஆண்டை எடுத்தாலும் அந்தக் கசிவு நடந்துகொண்டிருக்க வாய்ப்பு பத்தில் ஒன்று. சராசரி அளவு 0.1. வரம்பை எட்டிவிட்டோம், ஒழுங்குமுறை அதிகாரி கையெழுத்துப் போட யோசிப்பார். இப்போது கலத்தைப் பற்றி நமக்கு இன்னும் குறைவாகத் தெரியும், 10 லட்சம் ஆண்டுகளுக்குள் எப்போது வேண்டுமானாலும் உடையலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. சராசரி 0.001. வரம்பில் நூறில் ஒரு பங்கு! கலம் அதேதான், கசிவு அதேதான், அந்தக் கிணற்றில் குடிக்கும் குடும்பத்துக்கு வரும் அளவும் அதே 1 மில்லிசீவர்ட்தான். நமக்குத் தெரியாதது கூடியதால் தாளில் பாதுகாப்பு கூடிவிட்டது. துறைக்குள் இதை ஆபத்து நீர்த்துப்போவது என்று சொல்வார்கள். நல்ல ஒழுங்குமுறையாளர்கள் இதற்காகவே சராசரியோடு நிற்காமல் ஒவ்வொரு ஓட்டத்தின் உச்சத்தையும் தனியாகக் கேட்கிறார்கள். நாளைக்கு யாராவது "எங்கள் கிடங்கின் கணக்கு வரம்பில் நூறில் ஒரு பங்குதான்" என்று நம்மிடம் கொண்டுவந்தால், அந்த எண் அறிவால் குறைந்ததா அறியாமையால் குறைந்ததா என்று முதலில் கேட்க வேண்டும்.

சரி, வழிகளுக்கு வருவோம். ஆழ்நிலக் கிடங்கு என்று எடுத்தால் உலகில் இன்று முன்னால் நிற்பவை இரண்டு பாறைகள்: கிரானைட் வகை, களிப்பாறை. பின்லாந்தின் ஓன்கலோவும் சுவீடனின் ஃபோர்ஸ்மார்க்கும் முதல் வகை. பிரான்சின் பூரும் சுவிட்சர்லாந்தும் இரண்டாம் வகை.

கிரானைட்டில் நீர் வெடிப்பு வழியாக ஓடும். ஒரு வெடிப்பில் ஓடும் நீரின் அளவு அதன் திறப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. திறப்பை மூன்று மடங்கு தப்பாக மதிப்பிட்டால் நீரோட்டம் 27 மடங்கு தப்பும். களிப்பாறையில் நீர் ஏறக்குறைய நகர்வதே இல்லை. துகள்கள் பரவி ஊடுருவுவது மட்டும்தான். 50 மீட்டர் களிப்பாறையை அப்படித் தாண்ட ஆகும் காலத்தைத் தோராயமாகப் போட்டுப் பார்த்தால் 80 லட்சம் ஆண்டுகள் வருகிறது. அங்கே பரவல் எண்ணை மூன்று மடங்கு தப்பாக எடுத்திருந்தாலும் 26 லட்சம் ஆண்டுகள். ஒரே அளவு பிழைக்கு ஓரிடத்தில் 27 மடங்கு, இன்னோரிடத்தில் 3 மடங்கு. அதைவிட முக்கியமானது, களிப்பாறையின் படத்தைச் சரிபார்க்க இயற்கையே வழி வைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் மோன் தெரி ஆய்வுச் சுரங்கத்தில் ஓப்பலினஸ் களிப்பாறையின் நுண்துளை நீரில் குளோரைடும் ஹீலியமும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று அளந்தார்கள். அந்த வளைவுகள் பல பத்து லட்சம் ஆண்டுகள் மெல்லப் பரவியதற்கான கணக்கோடு ஒத்துப்போகின்றன. அந்தப் பாறைக்கு வயது சுமார் 17.5 கோடி ஆண்டு. கிடங்கு மாதிரிகள் ஓட்டிப் பார்க்கும் 10 லட்சம் ஆண்டைவிட நீண்ட சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது.

களிப்பாறைக்கும் குறை உண்டு. இரும்புக் கலம் துருப்பிடிக்கும்போது ஹைட்ரஜன் வரும். நீரே போகாத பாறையில் அந்த வாயு எங்கே போகும், அழுத்தம் ஏறி வழி பிளக்குமா என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. சுரங்கம் வெட்டும்போது சுற்றியுள்ள களிப்பாறை நொறுங்கும். அது தானே மூடிக்கொள்ளும் என்பதற்குச் சோதனை ஆதாரம் இருந்தாலும் வெப்பத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கிரானைட் வழியில் பாறையின் நிச்சயமின்மையைச் செம்பும் பெண்டோனைட்டும் தாங்குகின்றன. அதனால்தான் சுவீடனில் சண்டை முழுக்கச் செம்பைச் சுற்றியே நடந்தது. ஆக்சிஜன் இல்லாத நீரிலும் செம்பு அரிக்கும் என்று ஸ்டாக்ஹோமில் கேடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1986லேயே சொன்னார்கள். பலர் மறுத்தார்கள். 2011ல் கிடங்குக்கான விண்ணப்பம் போனது. 2018 ஜனவரியில் சுற்றுச்சூழல் நீதிமன்றம், செம்புக் கலத்தைப் பற்றிய நிச்சயமின்மை தீரவில்லை என்று அரசுக்குக் கருத்துச் சொன்னது. கூடுதல் ஆவணங்கள் வந்தபின் 2022 ஜனவரியில் அரசு அனுமதித்தது, 2025 ஜனவரியில் வேலை தொடங்கியது. இந்தத் தாமதத்தைச் சிலர் வீண் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கின் பலவீனமான இடம் எது என்று ஒரு நாடே உட்கார்ந்து விவாதித்தது. கலம் மண்ணுக்குள் போவதற்கு முன்னால் விவாதித்தது.

சுவிட்சர்லாந்தில் நடந்ததும் அப்படித்தான். 2015ல் நாக்ரா என்ற அவர்களுடைய கழிவு நிறுவனம் மூன்று இடங்களில் நார்ட்லிச் லேகர்னை ஒதுக்கிவைக்கப் பரிந்துரைத்தது. ஒழுங்குமுறை அமைப்பு அதை ஏற்கவில்லை, ஆதாரம் போதாது என்றது. பிறகு மூன்று இடத்திலும் ஆழத் துளை போட்டுப் பார்த்தார்கள். 2022 செப்டம்பரில் தேர்வானது அதே நார்ட்லிச் லேகர்ன்தான்.

இப்போது நம் தீவு. ஜூரோங் தீவுக்கு அடியில் 130 மீட்டர் ஆழத்தில் பாறைக் குகைகள் வெட்டி 14.7 லட்சம் கன மீட்டர் எண்ணெய் வைக்க முடிகிறது, மண்டாயில் கிரானைட்டுக்குள் வெடிபொருள் கிடங்கு இருக்கிறது, அப்புறம் கழிவுக்கு என்ன தடை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எண்ணெய்க் குகை வேலை செய்யும் விதமே வேறு. அங்கே சுற்றியுள்ள பாறையில் நீர் அழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றி, நீர் உள்ளே தள்ளுவதால் எண்ணெய் வெளியேறாமல் நிற்கிறது. கழிவுக் கிடங்குக்கு நீர் நகராமல் இருக்க வேண்டும். எண்ணெய்க் குகையை ஆட்கள் தினமும் பார்த்துக்கொள்கிறார்கள். கழிவுக் கிடங்கை மூடிவிட்டு யாரும் பார்க்கவேண்டாத நிலைக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம்.

நம் கிரானைட்டுக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. சுவீடன்காரர்களைத் தூங்கவிடாத பனியுகம் நமக்கு இல்லை. அங்கே பனிப்பாளம் உருகி, உப்பில்லாத நீர் ஆழத்துக்கு இறங்கி பெண்டோனைட்டைக் கரைத்துவிடுமோ என்று கணக்குப் போடுகிறார்கள். நமக்கு வேறு கணக்கு: 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது, சிங்கப்பூர் தீவாகவே இல்லை. அந்த நிலை திரும்பினால் நிலத்தடி நீரின் சாய்வும் உப்பு நீர் எல்லையும் மொத்தமாக மாறும்.

எனக்குப் பெரிய தடையாகத் தெரிவது செம்பவாங் வெந்நீர் ஊற்று. 1909ல் கண்டுபிடித்தது. பூங்கா 2020 ஜனவரியில் புதுப்பித்துத் திறந்தபின் வார இறுதிகளில் குடும்பம் குடும்பமாகப் போய் வாளியில் வெந்நீர் பிடித்து முட்டை அவிக்கிறார்கள். நீர் ஏறக்குறைய 70 டிகிரி. நம் ஊரில் எரிமலை இல்லை. எங்கோ பெய்த மழை கிரானைட்டின் வெடிப்புகள் வழியாக வெகு ஆழத்துக்கு இறங்கி, சூடாகி, ஒரு பிளவு வழியாகத் திரும்ப மேலே வருகிறது. ஆழத்து நீர் இந்தத் தீவில் மேலே வர முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம். தீவில் எந்த மூலையில் கிடங்கு போட்டாலும், அந்த மாதிரி முதலில் இந்த ஊற்றை விளக்க வேண்டும். எத்தனை பிளவுகள், அவை எவ்வளவு தூரம் ஓடுகின்றன, நீர் மேலே வர எத்தனை ஆண்டு ஆகிறது? நம் பொறியியல் துளைகளில் பெரும்பாலானவை 200 மீட்டரைத் தாண்டுவதில்லை. கிடங்கின் ஆழத்தைப் பற்றிய முழுப் படம் நம்மிடம் இல்லை. படம் நிறையாத இடத்தில் எண்களை விரித்துக் கணக்கிடுவதில் பயன் இல்லை. கிரானைட்டை ஒரேயடியாகத் தள்ளிவிடச் சொல்லவில்லை. பின்லாந்து 1983ல் தொடங்கிய வேலை 2024ல்தான் சோதனை ஓட்டத்துக்கு வந்தது, அவ்வளவு காலமும் அவ்வளவு துளையும் இல்லாமல் அதை நம்ப முடியாது என்கிறேன். களிப்பாறை நம்மிடம் இல்லை. காலாங் பகுதிக் கடற்களிமண் இளசு, இளக்கமானது. கட்டடக்காரர்களுக்குத் தெரியும், அதற்கும் ஓப்பலினஸுக்கும் பெயரில்தான் ஒற்றுமை.

ஆழ்துளை வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னத் தீவுக்கு இது கவர்ச்சியானது: மேலே ஒரு கால்பந்துத் திடலளவு இடம் போதும், கீழே நீர் உப்பேறி, கனமாகி, அசையாமல் நிற்கும் என்பது படம். அந்தப் படத்தைச் சோதிக்க அமெரிக்க எரிசக்தித் துறை டக்கோட்டா பகுதிகளில் கழிவே இல்லாத சோதனைத் துளை போடத் திட்டமிட்டது. உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள், 2017ல் திட்டம் நின்றது. துளையை மூடும் அடைப்பு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு முழு அளவுச் சோதனை இல்லை. இறக்கியபின் எடுப்பது கடினம். அதோடு செம்பவாங் ஊற்று இருக்கும் தீவில் ஆழத்து நீர் அசையாது என்று யார் சொன்னாலும் ஆதாரம் கேட்பேன். பயன்படுத்திய எரிபொருளுக்கு இன்றைய நிலையில் இது வேண்டாம் என்பது என் முடிவு.

மூன்றாவது வழி, நிலத்துக்கு மேலே உலர்கலம். அமெரிக்காவில் வர்ஜீனியாவின் சர்ரி (Surry) அணுமின் நிலையத்தில் 1986லிருந்து இருக்கிறது. இதன் பலம், 10 லட்சம் ஆண்டு மாதிரி எதுவும் தேவையில்லை. கலத்தைத் தொட்டுப் பார்க்கலாம், வெப்பம் அளக்கலாம், விரிசல் தெரிந்தால் மாற்றலாம். தப்பு தெரியவரும் வேகத்தில் நான்கு வழிகளில் இதுதான் முதல். ஆனால் நம் ஊரில் ஒரு குறிப்பான சிக்கல். பல கலங்களின் உள்கூடு துருப்பிடிக்காத எஃகு. கடல்காற்றில் வரும் உப்பு அதன்மேல் படிந்து, ஈரப்பதத்தில் கரைந்து, இழுவிசை உள்ள வெல்டு ஓரங்களில் நுண்விரிசல் உண்டாக்கும். கரையோர நிலையங்கள் எல்லாம் கவலைப்படும் அரிப்பு வகை இது. ஈரப்பதம் குறையாத, எங்கே நின்றாலும் கடல் பக்கத்திலேயே இருக்கும் தீவில் அந்தக் கவலை கூடும். மூடிய கட்டடத்துக்குள் காற்றை வடிகட்டி வைக்க வேண்டியிருக்கும். செலவாகும், செய்யக்கூடியதே.

இதன் பெரிய நிச்சயமின்மை மனிதர்கள்தான். 50 ஆண்டுக்கு என்று தொடங்கியது 150 ஆண்டுக்கு நீளும். பணம் ஒதுக்கியவர்கள் போய்விடுவார்கள். ஜெர்மனியின் அஸ்ஸே உப்புச் சுரங்கம் இதற்கு நேர்மாறான பாடம்: 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 கதிரியக்கக் கழிவுப் பீப்பாய்களை, உப்பு காய்ந்தது, பத்திரமானது என்று நம்பி இறக்கினார்கள். 1988லிருந்து உப்புநீர் உள்ளே வருகிறது, நாளுக்கு 12 கன மீட்டர் அளவில். இப்போது எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். அவசரப்பட்டு மூடுவதும் ஆபத்து, மூடாமலே விட்டுவிடுவதும் ஆபத்து.

நான்காவது, வெளியே அனுப்புவது. ரஷ்யா, தான் விற்ற எரிபொருளைச் சில நாடுகளிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது. பங்குக் கிடங்கு யோசனை ஐரோப்பாவில் பல ஆண்டாகப் பேசப்படுகிறது. தென் ஆஸ்திரேலியாவில் 2016ல் அரச ஆணையம் வெளிநாட்டுக் கழிவை வாங்கிவைக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு நவம்பரில் கூடிய குடிமக்கள் மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்த நிபந்தனையிலும் வேண்டாம் என்றார்கள், திட்டம் அங்கேயே நின்றது. கணினி மாதிரி இதைக் கணித்திருக்காது.

அனுப்பிவிட்டால் நம் கவலை தீர்ந்தது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. 2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கின்போது, அதன் கழிவுக்குக் கோலார் தங்கவயல் சுரங்கம் ஒரு வாய்ப்பு என்ற பேச்சு எழுந்தது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் தங்கம் எடுத்த ஊர். 2001ல் சுரங்கம் மூடி வேலை போன ஊர். மக்கள் தெருவில் இறங்கினார்கள். அரசு அப்படித் திட்டம் இல்லை என்று விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. அந்த ஊர்க்காரர்களிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை என்பதுதான் அவர்கள் கோபம். நம் மின்சாரத்தின் கழிவு இன்னொரு நாட்டில் அப்படி ஓர் ஊருக்குப் போகுமென்றால், அங்கே போட்ட கணக்கின் பலவீனம் எது என்று தெரிந்துகொள்ளும் கடமை நமக்கு உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு அந்தக் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும்.

இவ்வளவையும் பார்த்தபின் என் தேர்வு இது. அணுமின்சாரம் வருமானால், பயன்படுத்திய எரிபொருளை முதலில் மூடிய கட்டடத்துக்குள் உலர்கலங்களில் வைக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்பதும், கலத்தை மாற்றும் செலவுக்கான நிதியும் உலை கட்டும் முன்பே சட்டத்தில் எழுதப்பட வேண்டும். நிரந்தர வழியாக, மக்கள் ஒப்புதல் பெற்ற களிப்பாறைக் கிடங்கு ஒன்றில் பங்கு வாங்குவதை நோக்கி நகர வேண்டும். குறைந்தது முதல் 100 ஆண்டுகளாவது கழிவைத் திரும்ப எடுக்க வழி இருக்கும் கிடங்காகப் பார்க்க வேண்டும், பிரான்ஸ் தன் சட்டத்தில் வைத்திருப்பதுபோல. நம் கிரானைட்டை மாற்று வழியாகக் கையில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைத் தெரிந்துகொண்ட பிறகு.

அந்தத் தெரிந்துகொள்ளும் வேலைக்கு உலை பற்றிய முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 500 மீட்டருக்கு மேல் போகும் சில துளைகள், வேறு வேறு இடங்களில். அவற்றின் நீரில் உப்பு, ஹீலியம், குளோரின்-36 அளந்து அந்த நீர் எத்தனை காலமாகக் கீழே இருக்கிறது என்று பார்ப்பது. செம்பவாங் நீரின் வயதை அதோடு ஒப்பிடுவது. மோன் தெரி பன்னாட்டு ஆய்வில் நாமும் சேர்ந்து, இங்கிருந்து இளம் பொறியாளர்களை அனுப்பி, அவர்களே ஒரு மாதிரியைக் கட்டி, சோதனை முடிவு வெளியாகும் முன் தங்கள் கணிப்பை எழுதிக் கொடுக்கச் சொல்வது. இந்த நிதியாண்டிலேயே தொடங்கக்கூடிய வேலைகள் இவை.